கரன்ட் கொடுப்பவரே கேபிள் டி.வி.யும் கொடுத்தால்? ஒரு கம்பியைச் சுற்றிய சட்டங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி, "இன்டர்நெட் கனெக்ஷன் யாரிடம் வாங்கலாம்?" என்பதுதான். டெலிபோன் கம்பெனி, கேபிள்காரர், மொபைல் கம்பெனி என்று நாமும் வரிசையாகச் சொல்வோம். "ஈ.பி. ஆபீசில் போய்க் கேளுங்கள்" என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அமெரிக்காவில், டென்னசி மாநிலத்தில் உள்ள சாட்டனூகா என்னும் நகரில் அப்படிச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். அங்கே வீடுகளுக்கு மின்சாரம் கொடுக்கும் நிறுவனத்தின் பெயர் ஈ.பி.பி. எலக்ட்ரிக் பவர் போர்டு என்பதன் சுருக்கம். நம் ஊர் ஈ.பி.யை விட ஓர் எழுத்துதான் அதிகம்! 1935ல் தொடங்கப்பட்ட, நகராட்சிக்குச் சொந்தமான மின்வாரியம் அது. 2009ல் இதே வாரியம் தன்னுடைய போஸ்ட்களில் பைபர் கேபிளை இழுத்து, டி.வி. சேனல், இன்டர்நெட், டெலிபோன் மூன்றையும் வீடுகளுக்குக் கொடுக்கத் தொடங்கியது.

2019ல் என் கம்பெனி என்னை ஆன்சைட் வேலைக்காக அந்த ஊருக்கு அனுப்பியது. சாட்டனூகாவின் இன்டர்நெட் வேகத்தைப் பற்றி நண்பர்கள் நிறையச் சொல்லி இருந்தார்கள். ஆகவே அந்த ஆசையோடு போனேன். ஆனால் வாடகை குறைவாக இருக்கிறதே என்று நகருக்கு வெளியே, பக்கத்துக் கவுண்டியில் வீடு பிடித்துவிட்டேன். (கவுண்டி என்பதை நம் ஊர் தாலுகா போல எண்ணிக் கொள்ளுங்கள்.) அங்கே கேபிள் இல்லை, பைபரும் இல்லை. மொபைல் சிக்னல் ஜன்னல் ஓரத்தில் மட்டும் கிடைத்தது. கடைசியில் சாட்டிலைட் டிஷ் மாட்டினேன். மாதத்தில் பாதி நாட்கள் முடிவதற்குள் அதன் டேட்டா அளவு தீர்ந்துவிடும்.

பக்கத்து வீட்டில் வயதான ஓர் அம்மா தன் பேரனுடன் இருந்தார். அவரிடம் புலம்பினேன். "உங்க கரன்ட் பில்லை எடுத்துப் பாருங்க, தம்பி. மேலே யார் பேர் போட்டிருக்கோ, அதுலதான் எல்லாம் இருக்கு" என்றார். (அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் நம் வழக்கில் தருகிறேன்.) எடுத்துப் பார்த்தேன். ஈ.பி.பி. என்று இல்லை. ஒரு கிராமப்புற மின் கூட்டுறவுச் சங்கத்தின் பெயர் இருந்தது. கரன்ட் யார் கொடுக்கிறார்களோ, அதை வைத்துத்தான் இன்டர்நெட் கிடைக்குமா கிடைக்காதா என்பது முடிவாகிறது! ஒரு சாப்ட்வேர் இன்ஜினியரான எனக்கு இதன் லாஜிக் புரியவில்லை. தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததைத்தான் இங்கே உங்களுடன் பகிர்ந்து கொள்கிறேன்.

மின்வாரியத்திற்கு டி.வி. எதற்கு?

முதலில் தொழில்நுட்பம். கேபிள் டி.வி.க்கு நம் வீட்டுக்கு வரும் கறுப்பு நிற வயரை கோஆக்ஸியல் கேபிள் என்பார்கள். நடுவில் ஒரு செம்புக் கம்பி, அதைச் சுற்றிப் பிளாஸ்டிக், அதற்கு மேல் ஒரு உலோகப் பின்னல். இதில் சேனல்கள் வெவ்வேறு அலைவரிசைகளில் வருகின்றன. காலியாக உள்ள அலைவரிசையில் கம்ப்யூட்டர் டேட்டாவை அனுப்பினால் அதுதான் கேபிள் இன்டர்நெட். டி.வி. சிக்னலில் இருந்து டேட்டாவைப் பிரித்துக் கொடுப்பது கேபிள் மோடத்தின் வேலை. பைபர் கேபிளில் செம்பு கிடையாது. முடி போன்ற கண்ணாடி இழையில் ஒளியாகச் சிக்னல் செல்கிறது. ஆகவே டி.வி. கேபிள் என்று ஒன்றும் இன்டர்நெட் கேபிள் என்று இன்னொன்றும் தனித்தனியாகத் தேவை இல்லை. ஒரு கம்பி போதும். அதனால்தான் கேபிள் டி.வி.க்காக எழுதிய சட்டங்கள் நம் கம்ப்யூட்டர் வரை வந்துவிட்டன.

சரி, மின்வாரியம் ஏன் இந்தக் கம்பியை இழுக்க வேண்டும்? தன் சொந்த வேலைக்காகத்தான். எந்தத் தெருவில் எவ்வளவு கரன்ட் செலவாகிறது, எங்கே லைன் அறுந்துவிட்டது என்பதெல்லாம் உடனுக்குடன் தெரிந்தால், லைன்மேன் வண்டி எடுத்துக்கொண்டு தேடி அலைய வேண்டாம். சாட்டனூகாவில் ஆயிரத்துக்கும் அதிகமான தானியங்கி சுவிட்சுகளை மின் லைன்களில் பொருத்தி, அவற்றைப் பைபர் மூலம் இணைத்தார்கள். மரம் விழுந்து லைன் அறுந்தால், அந்தப் பகுதியை மட்டும் துண்டித்துவிட்டு மற்ற வீடுகளுக்கு வேறு வழியாகக் கரன்ட் திரும்பிவிடும். மீட்டர் ரீடிங்கும் பைபர் வழியாகவே வந்துவிடுகிறது. இதற்காக அமெரிக்க மத்திய அரசு 11 கோடி டாலருக்கு மேல் மானியம் கொடுத்தது. வாரியம் பத்திரங்கள் வெளியிட்டுச் சுமார் 22 கோடி டாலர் திரட்டியது.

இவ்வளவு செலவு செய்து இழுத்த கண்ணாடி இழையில் மின்வாரியத்தின் சொந்த டேட்டா ஒரு மூலையில்தான் ஓடும். மீதி இடம் காலி. அந்தக் காலி இடத்தில் டி.வி.யும் நெட்டும் விற்கலாமே என்பதுதான் இவர்களின் கணக்கு.

இந்தக் கணக்கை முதலில் போட்டது சாட்டனூகா அல்ல. கென்டக்கி மாநிலத்தில் கிளாஸ்கோ என்று ஒரு சின்ன ஊர். மக்கள் தொகை சுமார் 15 ஆயிரம்தான். அந்த ஊர் மின்வாரியம் 1980களின் இறுதியிலேயே மின் சுமையைக் கட்டுப்படுத்துவதற்காகக் கோஆக்ஸியல் கேபிள் இழுத்து, அதிலேயே கேபிள் டி.வி. தொடங்கியது. ஊரில் ஏற்கெனவே இருந்த தனியார் கேபிள் நிறுவனம் போட்டியைச் சமாளிக்கத் தன் கட்டணத்தை இறக்கியது. 1990களின் நடுவில், நம்மில் பலர் டயல்-அப் மோடத்தின் 'கீச்' சத்தத்தைக் கூடக் கேட்காத காலத்தில், கிளாஸ்கோ வீடுகளில் கேபிள் இன்டர்நெட் வந்துவிட்டது.

எதற்குக் கட்டுப்பாடு?

நல்ல விஷயம்தானே, விட்டுவிட வேண்டியதுதானே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் எதிர்த்தரப்பில் நின்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் ஒரு தனியார் கேபிள் நிறுவனம் நடத்துகிறீர்கள். உங்கள் கேபிளை எதில் கட்டுவீர்கள்? மின்வாரியத்தின் போஸ்டில்தான். அதற்கு வாடகை கட்டுகிறீர்கள். திடீரென்று அந்த வாரியமே கேபிள் தொழிலுக்கு வருகிறது. உங்கள் போட்டியாளரும் வீட்டு ஓனரும் ஒருவரேதான்! போதாததற்கு, ஊரில் உள்ள எல்லோரும் அவருக்கு மாதாமாதம் கரன்ட் பில் கட்டியே ஆக வேண்டும். அந்தப் பணத்தில் கொஞ்சம் எடுத்து டி.வி. கட்டணத்தைக் குறைத்து விற்றால் உங்களால் நிற்க முடியுமா? கேபிள் கனெக்ஷனே வேண்டாம் என்று இருக்கும் ஏழை வீட்டின் கரன்ட் பில்லில் இருந்து, பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கும் கிரிக்கெட் சேனலுக்குப் பணம் போவது போல ஆகிவிடும். (அங்கே கிரிக்கெட் கிடையாது, புட்பால் என்று வைத்துக் கொள்ளுங்கள்.) இதற்குக் குறுக்கு மானியம் என்று பெயர்.

போஸ்ட் வாடகை விஷயத்தில் அமெரிக்கச் சட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. 1978ல் வந்த சட்டத்தின்படி, கேபிள் நிறுவனங்களிடம் மின் நிறுவனம் எவ்வளவு போஸ்ட் வாடகை வாங்கலாம் என்பதை எப்.சி.சி. என்ற மத்திய தகவல் தொடர்பு ஆணையம் ஒழுங்குபடுத்தும். ஆனால் தனியார் மின் நிறுவனங்களுக்கு மட்டும்தான் இந்த விதி. நகராட்சி மின்வாரியங்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் விலக்கு. அமெரிக்காவில் அரசுக்குச் சொந்தமான மின் நிறுவனங்கள் சுமார் 2000 இருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கேபிள்காரர்கள் ஏன் பயந்தார்கள் என்பது விளங்கும்.

கேபிள் தொழிலுக்கான மத்தியச் சட்டங்கள் இரண்டைத் தெரிந்து கொண்டால் போதும். 1984ல் வந்தது முதல் சட்டம். ஒரு ஊரில் கேபிள் நடத்த அந்த ஊர் நிர்வாகத்திடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். அதற்கு ஊர் நிர்வாகம் கேபிள் வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் கட்டணம் கேட்கக் கூடாது. ஊர் நிர்வாகமே கேபிளைச் சொந்தமாக வைத்திருக்கலாம். ஆனால் எந்தச் சேனலில் என்ன வரலாம் என்ற அதிகாரம், லைசென்ஸ் கொடுக்கும் கையில் இருக்கக் கூடாது. தனி அமைப்பிடம் இருக்க வேண்டும். 1992ல் வந்த இரண்டாவது சட்டம், ஒரே நிறுவனத்துக்கு ஊரை முழுவதுமாக எழுதிக் கொடுக்கக் கூடாது என்றது. நகராட்சி தன் ஊரில் கேபிள் நடத்தினால் அதற்குத் தனி லைசென்ஸ் தேவை இல்லை என்றும் சொன்னது. அதாவது, தானே தனக்கு லைசென்ஸ் கொடுத்துக் கொள்ளும் நாடகம் வேண்டாம்.

இதே 1992 சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு பிரிவு உண்டு. தனியார் கேபிளின் அடிப்படைக் கட்டணத்தை ஊர் நிர்வாகம் கட்டுப்படுத்தலாம். ஆனால் ஊரில் சரியான போட்டி இருந்தால் அந்த அதிகாரம் போய்விடும். எது சரியான போட்டி? அதற்குச் சில அளவுகோல்கள். அதில் ஒன்று, நகராட்சியே நடத்தும் கேபிள் ஊரில் பாதி வீடுகளுக்குக் கிடைக்கும்படி இருந்தால் போதும். ஒருவர் கூடச் சந்தா சேரத் தேவை இல்லை. நகராட்சி களத்தில் இறங்கிய மறு நிமிடமே தனியார் நிறுவனத்தின் கையில் கட்டியிருந்த கயிறு அவிழ்ந்துவிடும். ஒரு பக்கம் இறுக்கினால் இன்னொரு பக்கம் தளர்த்த வேண்டும் என்ற கணக்கு. (2015க்குப் பிறகு, நாடு முழுக்கப் போட்டி இருப்பதாகவே எப்.சி.சி. எடுத்துக் கொள்கிறது. அதனால் இந்தப் பிரிவுக்கு இப்போது பெரிய வேலை இல்லை.)

நம் வாசகர்களுக்கு இதெல்லாம் முற்றிலும் புதிது அல்ல. 2011ல் மாதம் 70 ரூபாய்க்கு வந்த அரசு கேபிள் உங்களுக்கு நினைவிருக்கும். மாநில அரசுகள் கேபிள் விநியோகத்தில் இறங்கக் கூடாது என்று டிராய் அமைப்பு 2012ல் பரிந்துரை செய்தது. டிஜிட்டல் லைசென்ஸ் 2017ல்தான் அரசு கேபிளுக்குக் கிடைத்தது. டிராய் கவலைப்பட்டது, செய்திச் சேனல்களின் மேல் ஆட்சியில் இருப்பவர்களின் கை விழுமே என்று. அமெரிக்க வழக்குகளில் பெரும்பாலும் பேசப்பட்டது பணம்.

டென்னசி போட்ட விதிகள்

மத்தியச் சட்டம் நகராட்சியைத் தடுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் ஒரு நகராட்சி என்ன செய்யலாம் என்பதை முடிவு செய்வது அந்தந்த மாநிலம். டென்னசி 1999ல் ஒரு சட்டம் போட்டது. மின்வாரியங்கள் கேபிள் டி.வி.யும் இன்டர்நெட்டும் கொடுக்கலாம், சில விதிகளுக்கு உட்பட்டு.

முதலில் முழுத் தொழில் திட்டத்தை எழுதி மாநிலத் தணிக்கை அதிகாரியிடம் காட்ட வேண்டும். மக்களுக்கு அறிவிப்பு கொடுக்க வேண்டும். நகர மன்றம் ஒப்புதல் தர வேண்டும். கேபிள் பிரிவின் கணக்கு தனி. மின் பிரிவின் கணக்கு தனி. மின்சாரப் பணத்தை இனாமாக எடுத்துக் கொள்ளக் கூடாது. கடனாக வாங்கலாம், அதற்கு வட்டி கட்ட வேண்டும். ஒரே அலுவலகத்தில் உட்கார்ந்து கொண்டு, ஒரு மேஜையில் இருந்து அடுத்த மேஜைக்கு வட்டியோடு கடன்! தனியார் கேபிள் நிறுவனம் கட்டும் போஸ்ட் வாடகையைத் தன் கேபிள் பிரிவும் கணக்கில் கட்ட வேண்டும். தனியார் கட்டும் வரிக்குச் சமமான தொகையையும் கட்ட வேண்டும்.

இந்த விதிகளைப் படித்தபோது எனக்கு மரியாதைதான் வந்தது. கேபிள் நிறுவனமும் அவர்களின் சங்கமும் சாட்டனூகாவைத் தடுக்க 2007, 2008 ஆண்டுகளில் வழக்குப் போட்டன. மின்சாரப் பணம் கேபிளுக்குப் போகிறது என்பதுதான் குற்றச்சாட்டு. வழக்குகள் தள்ளுபடி ஆயின. கணக்கு தனித்தனியாக இருக்க வேண்டும் என்ற சட்டம் இருந்ததால்தான் வாரியமும் தைரியமாக நிற்க முடிந்தது என்று நான் நினைக்கிறேன்.

விதி சரியாக இல்லாமலோ, இருந்தும் மீறினாலோ என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரம் கேபிளும் இன்டர்நெட்டும் கொடுக்கச் சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கியது. இங்கே மின் துறைப் பணம் அல்ல, நகராட்சியின் பொதுப் பணம். பொதுப் பணத்தில் கைமாற்று வாங்கினால் இரண்டே மாதத்தில் திருப்பி வைக்க வேண்டும் என்று மாநில ஒழுங்குமுறை வாரியம் நிபந்தனை போட்டிருந்தது. திருப்பவில்லை. 1.7 கோடி டாலர் வரை நிறுவனத்துக்குள் போய்விட்டது என்று 2009ல் வெளியே தெரிந்தது. நகரத்தின் கடன் தரம் சரிந்தது. கருவிகளுக்குக் கடன் கொடுத்த வங்கி 3 கோடி டாலருக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டது. கடைசியில் 2019ல் அந்த நிறுவனத்தைத் தனியாருக்கு விற்றார்கள்.

யூட்டா மாநிலத்தின் ப்ரோவோ நகரின் கதை இன்னும் வருத்தம். சொந்த மின் துறை உள்ள நகரம் அது. ஏறத்தாழ 4 கோடி டாலர் கடன் வாங்கிப் பைபர் போட்டது. ஆனால் 2001ல் வந்த மாநிலச் சட்டத்தின் நெருக்கடியால் வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்காமல், மொத்த வியாபாரியாக மட்டும் நின்றது. சில்லறைக்கு விற்ற தனியார் நிறுவனங்களால் போதிய வாடிக்கையாளர்களைப் பிடிக்க முடியவில்லை. 2013ல் மொத்த நெட்வொர்க்கையும் கூகுள் நிறுவனத்துக்கு 1 டாலருக்கு விற்றது. ஆம், ஒரே ஒரு டாலர். பழைய கடன் மட்டும் நகரத்திடமே இருந்தது. ஊர் மக்கள் தங்கள் மாதாந்தரப் பில்லில் 5 டாலருக்கு மேல் அதற்காகத் தொடர்ந்து கட்டினார்கள். நகராட்சியின் கையைப் பாதி கட்டிவிட்டுத் தொழில் நடத்தச் சொன்னால் இப்படித்தான் முடியும்.

என் வீடு எங்கே போனது?

இப்போது என் கரன்ட் பில்லுக்கு வருவோம். டென்னசி சட்டத்தில் இன்னும் ஒரு விதி இருக்கிறது. மின்வாரியம் தான் கரன்ட் கொடுக்கும் எல்லைக்குள் மட்டுமே கேபிள் டி.வி.யும் இன்டர்நெட்டும் கொடுக்கலாம். டெலிபோனுக்கு இந்த எல்லை கிடையாது. டி.வி.க்கும் நெட்டுக்கும் உண்டு! மூன்றும் ஒரே கண்ணாடி இழையில்தான் வருகின்றன என்பதை நினைவில் வையுங்கள். சாட்டனூகா வாரியத்தின் எல்லை சுமார் 600 சதுர மைல். அதற்குள் சுமார் 1,70,000 இணைப்புகள். நான் அந்தக் கோட்டுக்கு வெளியே ஓர் ஓரத்தில் இருந்தேன்.

அந்தக் கோட்டுக்கு உள்ளே என்ன கிடைத்தது தெரியுமா? 2010 செப்டம்பரிலேயே நகரம், புறநகர், கிராமம் என்று எல்லை முழுவதும் 1 கிகாபிட் வேகம் தரத் தொடங்கிவிட்டார்கள். அப்போது மாதம் 350 டாலர். 2013ல் 70 டாலருக்கு இறக்கினார்கள். கிகாபிட் என்றால் என்ன? பைலின் அளவைப் பைட்டில் சொல்கிறோம், வேகத்தை பிட்டில் சொல்கிறோம். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 1 கிகாபைட் அளவுள்ள ஒரு பைல், 1 மெகாபிட் வேகத்தில் டவுன்லோட் ஆக இரண்டேகால் மணி நேரம் பிடிக்கும். 10 மெகாபிட்டில் 13 நிமிடம். 1 கிகாபிட்டில் 8 விநாடி. உங்கள் இணைப்பின் வேகத்தை எட்டால் வகுத்துப் பார்க்கும் பழக்கத்தை இன்றே ஏற்படுத்திக் கொள்ளுங்கள். விளம்பரத்தில் 100 என்று போட்டால் விநாடிக்கு 12.5 மெகாபைட்தான்.

எல்லையை நீக்க முயற்சி நடக்காமல் இல்லை. அதற்கு முந்தைய கதை மிசௌரியில் தொடங்குகிறது. 1996ல் வந்த மத்தியத் தொலைத்தொடர்புச் சட்டம், 'எந்த ஒரு அமைப்பும்' தொலைத்தொடர்பு சேவை தருவதை மாநிலங்கள் தடுக்கக் கூடாது என்று சொன்னது. அப்படி இருந்தும் 1997ல் மிசௌரி மாநிலம், நகராட்சிகள் அந்தச் சேவை தரக் கூடாது என்று சட்டம் போட்டது. மின்வாரியம் வைத்திருந்த ஊர்கள் எதிர்த்தன. 'எந்த ஒரு அமைப்பும்' என்றால் அதில் நகராட்சி சேருமா, சேராதா? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2004 மார்ச்சில் தீர்ப்பு. எட்டு நீதிபதிகள் சேராது என்றார்கள். ஒருவர் மட்டும் சேரும் என்றார். நகராட்சிக்கு அதிகாரம் கொடுப்பதே மாநிலம்தான். கொடுத்தவர் எடுத்துக் கொள்ள முடியாதபடி மத்திய அரசு குறுக்கே வருவதாக இருந்தால், அதைச் சட்டத்தில் தெளிவாக எழுதி இருக்க வேண்டும் என்பது அவர்களின் வாதம்.

பத்து ஆண்டுகள் கழித்து, 2014ல், சாட்டனூகா வாரியமும் வட கரோலினாவின் வில்சன் நகரமும் எப்.சி.சி.யிடம் போயின. வில்சன் நகரமும் கரன்ட் கொடுக்கும் நகராட்சிதான். 2008 முதல் பைபர் நடத்தியது. 2011ல் வட கரோலினா போட்ட சட்டம் அதை அதன் கவுண்டிக்குள் அடைத்துவிட்டது. 2015 பிப்ரவரி 26 அன்று எப்.சி.சி. 3க்கு 2 என்ற ஓட்டில் இரண்டு மாநில எல்லை விதிகளும் செல்லாது என்றது. மாநிலங்கள் விடவில்லை. 2016 ஆகஸ்ட் 10 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் எப்.சி.சி.யின் முடிவை ரத்து செய்தது. காரணம், பழைய மிசௌரி தீர்ப்புதான்.

இடைப்பட்ட காலத்தில் வில்சன் ஒரு காரியம் செய்திருந்தது. பக்கத்துக் கவுண்டியில் இருந்த பைன்டாப்ஸ் என்ற குட்டி ஊருக்குப் பைபர் இழுத்துக் கொடுத்துவிட்டது. மக்கள் தொகை 1300 இருக்கும். அந்த ஊருக்கும் கரன்ட் கொடுப்பது வில்சன்தான். ஆனால் வட கரோலினாவில் எல்லை என்பது கரன்ட் லைன் அல்ல, கவுண்டிக் கோடு. தீர்ப்பு வந்ததும், கொடுத்த இணைப்பைப் பிடுங்க வேண்டிய நிலை. கம்பி போஸ்டில் இருக்கிறது, வெளிச்சம் அதில் ஓடுகிறது, வாடிக்கையாளர் பணம் கட்டத் தயார். சட்டம் மட்டும் கூடாது என்கிறது! ஊரார் மாநிலச் சட்டமன்றத்தில் முறையிட்டார்கள். 2017ல் தற்காலிக அனுமதி கிடைத்தது. என்ன நிபந்தனை தெரியுமா? தனியார் யாராவது பைபர் கொண்டு வந்தால் வில்சன் வெளியேறிவிட வேண்டும்.

இங்கேதான் நான் டென்னசி சட்டத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். தனிக் கணக்கு, வட்டி, வாடகை, வரி என்ற விதிகள் கரன்ட் பில் கட்டுபவரைக் காப்பாற்றுகின்றன. எல்லை விதி யாரைக் காப்பாற்றுகிறது? என் தெருவில் தனியார் கேபிளும் இல்லை. காப்பாற்ற அங்கே யாருமே இல்லை.

2020 மார்ச் மாதம் பள்ளிகள் மூடப்பட்டன. நான் அலுவலக வேலைக்காக, ஒரு நண்பரின் வீட்டு ஹாலில் போய் உட்கார்ந்துகொள்ள வழி இருந்தது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அப்படி யாரும் இல்லை. தினமும் மாலையில் பேரனைக் காரில் ஏற்றிக்கொண்டு 20 நிமிடம் ஓட்டி, நூலகத்தின் வாசலில் வண்டியை நிறுத்துவார். நூலகம் பூட்டி இருக்கும். அதன் வைஃபை சிக்னல் மட்டும் வெளியே வரும். பையன் பின் சீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுப் பாடத்தை அனுப்புவான். ஒரு நாள் நானும் கூடப் போனேன். அந்த வாசலில் அப்படி ஏழெட்டு கார்கள் நின்றன. எல்லாவற்றிலும் பின் சீட்டில் நீல வெளிச்சம்.

அதே ஆண்டு ஜூலையில், கோட்டுக்கு உள்ளே இருந்த ஹாமில்டன் கவுண்டி பள்ளிகளின் வசதி குறைந்த மாணவர்களுக்கு ஈ.பி.பி. பைபர் மூலம் இலவச இன்டர்நெட் தரும் திட்டம் அறிவிக்கப்பட்டது. சுமார் 28 ஆயிரம் மாணவர்கள் தகுதி பெற்றவர்கள். அந்தச் செய்தியை அந்த அம்மாதான் என்னிடம் காட்டினார். "நம்ம பையன் பேர் இதுல வராதில்ல?" என்று கேட்டார். வராது என்றேன்.

சட்டங்கள் அதற்குப் பிறகு கொஞ்சம் நகர்ந்திருக்கின்றன. நகராட்சிகளுக்கு இது போன்ற தடையோ இடைஞ்சலோ வைத்திருந்த மாநிலங்கள் 2020ல் ஏறத்தாழ 20 இருந்தன. வாஷிங்டன் மாநிலம் 2021ல் தன் தடையை நீக்கியது. கொலராடோ 2005ல் போட்ட தன் சட்டத்தை 2023ல் நீக்கியது. டென்னசி 2017ல் வேறு வழி ஒன்றைத் திறந்தது: மின் கூட்டுறவுச் சங்கங்கள் தங்கள் எல்லைக்குள் பிராட்பேண்ட் கொடுக்கலாம். ஆனால் அனுமதி வேறு, போஸ்டில் கம்பி ஏறுவது வேறு.

2020 நவம்பரில் நான் வீடு மாற்றினேன். இந்த முறை வாடகையைக் கேட்பதற்கு முன்பே, "கரன்ட் பில் யார் பேரில் வரும்?" என்று கேட்டேன். புது வீடு பழைய வீட்டில் இருந்து 9 கிலோமீட்டர்தான். பைபர் வந்தது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அம்மா பேரனைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வருவார். அவன் அந்த வாரத்துக்கான பாட வீடியோக்களை எல்லாம் பென் டிரைவில் ஏற்றிக் கொள்வான். எல்லாம் சேர்த்து 4 கிகாபைட் இருக்கும். அரை நிமிடத்தில் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். பென் டிரைவுக்குக் காப்பி ஆகத்தான் பத்து நிமிடம் ஆகும். 2021ல் நான் சென்னை திரும்பும் வரை, அவர் தெருவின் போஸ்ட்களில் புதுக் கம்பி எதுவும் ஏறவில்லை.